மயில்கழுத்துக் கிண்ணங்கள்

இன்று காலை தெருவில் ஆசிட்காரன் வந்தான். சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிக்கொண்டு, "ஆசிட், பினாயில்" என்று இழுத்துக் கூவியபடி போவானே, அவன்தான். எதிர்வீட்டு அம்மாள் ஒரு பாட்டில் வாங்கினாள். ஊற்றும்போது கொஞ்சம் சிமெண்டுத் தரையில் சிந்திவிட்டது. நுரைத்துப் பொங்கி, வெள்ளையாக ஒரு புகை கிளம்பி, என் முன்னறைக்குள் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிற வாடை. நான் பொத்தவில்லை. காப்பித் தம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன்னுடைய வாடை என்று எனக்கு மிஞ்சியிருப்பது மல்லிகைப்பூவும் இல்லை, மஞ்சளும் இல்லை. கக்கூஸ் கழுவுகிற ஆசிட். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து திரும்பியபோது உன் மகள் வனிதா என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கல்யாணப் பத்திரிகை. இன்னொரு கையில், மார்போடு அணைத்தபடி, துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். உள்ளே வந்து மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். பூசணிப்பூ போல விளிம்பு விரிந்த கிண்ணம், நாம் கடைசியாகச் செய்தவற்றில் ஒன்று. நீலம், பச்சை, ஊதா மூன்றும் கலந்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சீராக மின்னிற்று.

"பெரிம்மா, உங்க கையெழுத்து அழகா இருக்கும். ஒரு சின்ன அட்டையில 'எங்க அம்மா ஊதினது'ன்னு எழுதிக் குடுங்க. சீர்த்தட்டுல இதோட வெக்கணும். அவங்க வீட்டு மனுஷங்க பாக்கட்டும்," என்றாள்.

அந்தக் கிண்ணத்தை நீ ஊதவில்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு நான் என்ன செய்தேன் என்று உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலிலிருந்து சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் நான் எனக்கே சலுகை காட்டிக்கொண்டது போல ஆகிவிடும்.

எழுபத்தொன்பதில் நாம் இருவரும் குரோம்பேட்டையில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தோம். ஊசிமருந்து அடைக்கிற ஆம்பூல் குப்பிகள் செய்யும் இடம். வரிசையாகப் பர்னர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெண். கண்ணாடிக் குழாயை நெருப்பில் சுழற்றி, இளகியதும் இழுத்து, கழுத்தைச் சன்னமாக்கி அறுத்துப் போட வேண்டும். நீ மாடம்பாக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். அந்த நிலமெல்லாம் மனைமனையாகப் போய்க்கொண்டிருந்த காலம். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. கைக்குழந்தை வனிதாவை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வருவாய். நான் மேற்குத் தாம்பரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் மகள் ஸ்டெல்லா. கல்யாணம் ஆகாதவள், எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள். முதல் நாளே என் கையில் குழாய் வெடித்தபோது, பக்கத்துப் பர்னரிலிருந்து நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: "நெருப்ப மொறச்சிகினு இருந்தா அது இன்னா பயந்துக்குமா? கைய சுத்துடி." அன்று மாலை மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியின் ஜன்னலோரத்துக்கு நாம் சண்டை போட்டோம். அப்புறம் பதினேழு வருஷம் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

எண்பத்து மூன்று கிறிஸ்துமஸ். நீ வனிதாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கேக் சாப்பிட வந்திருந்தாய். அம்மாவின் ஷோகேஸில் ஒரு பழைய தம்ளர் இருந்தது. அவள் கல்யாணத்துக்கு யாரோ வடக்கேயிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஆரஞ்சு நிறம், சாய்த்தால் பச்சை, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் ஊதா. மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, அந்த மினுக்கு. நீ அதைக் கையில் எடுத்த பிறகு கேக்கைத் தொடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இந்தக் கலரு கண்ணாடிக்குள்ள கீதா, மேல கீதா?" என்று கேட்டாய். எனக்கு என்ன தெரியும். அடுத்த நிமிஷம் தம்ளர் தரையில் கிடந்தது.

"ஐயோ, கை வழுக்கிடுச்சிம்மா," என்று என் அம்மாவிடம் நீ காட்டிய முகத்துக்கு ஒரு பரிசே கொடுத்திருக்கலாம். பரவாயில்லை என்று அவள் துடைப்பம் எடுக்கப் போனதும், நீ சட்டென்று உட்கார்ந்து ஒரு சில்லைப் பொறுக்கி, உடைந்த ஓரத்தை எனக்குக் காட்டினாய். உள்ளே வெறும் கண்ணாடி. நிறம் முழுக்க மேலே ஒரு தோல், வெங்காயச் சருகைவிட மெல்லியது. "தோலுடி. அப்போ நாமளே போட்லாம்," என்றாய். வேண்டுமென்றேதான் உடைத்தாய் என்பதை அம்மா கண்ணை மூடும்வரை நான் சொல்லவில்லை.

எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிற ஒருவர் இருந்தார். அவரிடம் அந்தச் சில்லைக் காட்டினேன். வெள்ளீய உப்பை ஆசிட்டில் கரைத்து, கண்ணாடி சூடாக இருக்கும்போதே மேலே பனி போல அடித்தால் இந்தத் தோல் ஏறும் என்றார். அந்தப் புகையை மட்டும் இழுத்துவிடாதீர்கள், பின்னால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். நான் அதை உன்னிடம் வந்து ஒரு தடவைதான் சொன்னேன். மறு வாரமே நீ பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாய். உலைக்குச் செங்கல் வருவதற்கு முன்னாலேயே அந்த ஃபேன் வந்துவிட்டது.

உங்கள் குடும்பத்து நிலத்தில் விற்காமல் மிஞ்சிய மூலையில் தகர ஷெட் போட்டோம். உன் அண்ணன் உலை கட்டிக் கொடுத்தார். பழைய பேப்பர்க் கடையில் உடைந்த சோடா பாட்டில்களை மூட்டையாக வாங்கி, கழுவி, உருக்கினோம். அந்த வெள்ளீய மருந்தை முதலில் கொசுவுக்கு அடிக்கிற ஃப்ளிட் பம்பில் ஊற்றினோம்; ஆசிட் அதை ஒரே வாரத்தில் தின்றுவிட்டது. பிறகு நீயே கண்ணாடியில் ஒரு ஸ்பிரே ஊதினாய். ரப்பர் பந்தை அமுக்கினால் சன்னமாக அடிக்கும். ஆம்பூல் கம்பெனியில் ஆயிரக்கணக்கில் ஒரே குப்பியைச் செய்துகொண்டிருந்த கை அது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சோடா பாட்டில் பச்சையின்மேல் மருந்து ஏறியபோது வந்தது என் அம்மாவின் தம்ளர் நிறம் இல்லை. முதல் நாள் உனக்கே அது சரியாக வந்ததா தப்பாக வந்ததா என்று தெரியவில்லை. ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்தாய். நீலம் ஓடிப் பச்சையாகி, பச்சை ஓடி ஊதாவாயிற்று. "மயில்கழுத்துடி, இஸ்டெல்லா," என்றாய். பட்டுப்புடவைக் கடையில் சொல்கிற அதே பெயர். அதற்குப் பிறகு நாம் ஆரஞ்சுக்குத் திரும்பவே இல்லை.

வேலை இப்படித்தான் பிரிந்தது. நீ ஊதுவாய். ஊதி, விளிம்பை விரித்து, இரும்புக் கம்பியில் ஒட்டிய கிண்ணத்தைத் மருந்து அடிப்பதற்கென்று வைத்த தகரக் கூண்டுக்குள் நீட்டிச் சுழற்றுவாய். நான் கூண்டருகில் குனிந்து மருந்து அடிப்பேன். கண்ணாடியின் சூட்டுச் சிவப்பு போய், சிவப்பு இருந்ததா இல்லையா என்று சந்தேகம் வருகிற நேரம் ஒன்று உண்டு, அப்போது அடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் தோல் வெடித்து மங்கிவிடும், தாமதித்தால் நிறமே பிடிக்காது. கம்பியின் மறுமுனையில் நீ நான்கடி தள்ளி நிற்பாய். புகை என் முகத்துக்கு நேராகக் கிளம்பும். கூண்டுக்குப் பின்னால் அந்த ஃபேன் அதை உறிஞ்சி வெளியே தள்ளும்.

அந்த ஃபேனால் ஒரு தொல்லை இருந்தது. அது புகையோடு சேர்த்து மருந்தையும் ஒரு பக்கமாக இழுத்துவிடும். அதனால் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஏதாவது ஓரிடத்தில் நிறம் பிடிக்காமல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். எனக்கு அது கண்ணில் முள்ளாகக் குத்தும். ஒரு நாள் நான் ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்பிரேயை எடுத்தேன். நீ கிண்ணத்தோடு கம்பியை அப்படியே தரையில் போட்டுவிட்டாய். அரைமணி நேர வேலை சுக்குநூறாயிற்று. "மொதல்ல ஃபேனு, அப்பாலதான் மருந்து," என்றாய். கோடு விழுகிறதே என்று நான் முணுமுணுத்தேன். "கோடு உழுந்தா உழட்டும். உன் நெஞ்சுல உழக் கூடாது," என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை என் கையில் கொடுத்தாய். எட்டு வருஷம் நான் மருந்து அடித்தேன். அந்த எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட ஃபேன் இல்லாமல் நீ கிண்ணத்தைக் கூண்டுக்குள் நீட்டியதில்லை. கரண்ட் போனால் வேலை நின்றுவிடும்.

கோடு விழுந்ததையும் வாங்க ஆள் இருந்தது. மவுண்ட் ரோடு பக்கம் கைவினைக் கடை வைத்திருந்த ஒரு அம்மாள் நம் ஷெட்டுக்கே வந்தாள். வெளிநாட்டில் இதற்குக் கார்னிவல் கிளாஸ் என்று பெயர், கார்னிவல் என்றால் திருவிழா என்றாள். "எங்கூரு திருவியாவுல வளையலும் பலூனும்தாம்மா விப்பாங்க," என்று நீ சொன்னாய். அவள் ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் ஒரு சின்ன அட்டையை வைத்தாள். அட்டையில் 'ஊதியவர்' என்று போட்டு உன் பெயர் இருந்தது. மருந்து அடித்தவர் என்று ஒரு வரி போட அவளுக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. "இவ பேரயும் போடும்மா, கலரு இவளுதுதான்," என்றாய். அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள், போடவில்லை.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த அட்டைமேல் பொறாமை. உன்மேல் இல்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ ஊதும்போது உன் கன்னம் உப்புவதும், குழலைத் தூக்கி நீ ஒரு சுழற்றுச் சுழற்றுவதும், வந்தவர்கள் எல்லோரும் உன்னையே வாயைப் பிளந்து பார்ப்பதும் எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் புகையில் குனிந்து கிடப்பேன், என் முதுகைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். ஜெபத்தில்கூட இதைச் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்று மழைக்காலத்தில் உனக்கு இருமல் வந்தது. தாம்பரத்துக்காரர்களுக்கு இருமல் என்றால் ஒரே ஒரு வியாதிதான் ஞாபகம் வரும். டிபி ஆஸ்பத்திரியை வைத்து ரயில்வே ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்று பெயர் வைத்திருக்கிற இடத்தில் வேறு என்ன நினைப்பது. உன் மாமியார் உனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் என்று எடுத்துவைத்துவிட்டாள். நான் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூன்று நாள் காலையில் சளி கொடுத்தோம். முடிவு வாங்கப் போன அன்று நீ பெஞ்சில் உட்கார்ந்து என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாய். டிபி இல்லை என்றார்கள். அவ்வளவுதான், நமக்கு உலகமே சரியாகிவிட்டது. வேறு என்னவாக இருக்கும் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் ரோஸ்மில்க் குடித்தோம், ஆளுக்கு இரண்டு. வீட்டுக்குப் போய் அந்தத் தனித் தட்டை மாமியார் எதிரிலேயே கூரைமேல் வீசினாய். அன்றைக்கு நாம் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். அதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

மறு வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள், நீ ஊதுகுழலை என் கையில் கொடுத்தாய். "ஊதி ஊதிக் கன்னம் தொங்கிப் பூடுச்சி. இனிமே நீ ஊது. நான் மருந்து அடிக்கிறேன்," என்றாய். சும்மா சொல்கிறாயோ என்று பார்த்தேன். உன் முகத்தில் விளையாட்டு இல்லை. ஏன், என்ன என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எட்டு வருஷம் கழித்து என் அருமை உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது நான் பாட்டு முணுமுணுத்தேன். பாதி வழியில் புளியமரத்தடியில் நீ நின்று, செருப்பில் கல் ஏறிவிட்டது என்றாய். அதே இடத்தில் மறுநாளும் கல் ஏறியது. நான்தான் கவனிக்கவில்லை.

உனக்கு ஊத மூச்சு இல்லாமல் போயிருந்தது. உலைப் புகையோ, கம்பெனிப் புகையோ, உடம்பு வாகோ, எது ஆரம்பித்துவைத்தது என்று எந்த டாக்டரும் பிறகு அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அப்போதே அது இருந்தது, உனக்கு அது தெரிந்திருந்தது. சொன்னால் நான் ஷெட்டைப் பூட்டிவிடுவேன் என்று நீ மறைத்தாய். அது சரியான கணக்குதான். நான் பூட்டியிருப்பேன்.

ஊதுவது எனக்குச் சீக்கிரம் வரவில்லை. ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்துபோகும். ஆறு மாதம் உடைத்து உடைத்து, கடைசியில் ஒரு பூசணிப்பூக் கிண்ணம் எனக்கு ஒழுங்காக வந்தது. நீ ஃபேனைப் போட்டு, மருந்து அடித்தாய். ஆறவைத்து எடுத்தால், நடு வயிற்றில் சாம்பல் கோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கோபம் வரும், உனக்குத் தெரியும். "உன் ஃபேன் என் கிண்ணத்தைக் கெடுக்குது. நான் ஊதினதுல மட்டும் உனக்கு அக்கறை இல்ல," என்று கத்தினேன். எவ்வளவு அபத்தமான பேச்சு. உன்னுடைய கிண்ணங்களில் எட்டு வருஷமாகக் கோடு விழுந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் நான் கிண்ணத்தைக் கூண்டுக்குள் நீட்டியபோது, கையை நீட்டி ஃபேன் சுவிட்சை அணைத்தாய். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குனிந்தாய். ஷெட் முழுக்க வெள்ளையாகப் புகை. நீ வெளியே ஓடிப்போய் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாய். நான் கிண்ணத்தை ஆறவைக்கும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பெட்டியைத் திறந்தோம். கோடு இல்லை. தலை முதல் அடிவரை ஒரே மயில்கழுத்து. நீயும் அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாய். "இத்த ஒரு தபா பாத்துடணும்னு எனக்கும் ஆசைதாண்டி," என்றாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு வருஷம் ஓட்டினேன். இரண்டு வருஷமும் ஃபேன் ஓடவில்லை. கம்பியைக் கீழே போட என் கைக்குத் தோன்றவில்லை.

தொண்ணூற்று நான்கு கடைசியில் நீ ஷெட்டுக்கு வருவதை நிறுத்தினாய். பிறகு கட்டில். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். அதைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு. கம்பெனியில் நம் பர்னருக்கு வந்த சிலிண்டர் முழுக்கக் கறுப்பு, இதற்குக் கழுத்தில் வெள்ளை. "நெருப்புக்குக் குட்த்தத இப்போ எனக்குக் குடுக்குறானுங்க," என்றாய். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது உனக்கு.

ஒரு நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது கேட்டேன், ஃபேனை நிறுத்தியதாலா என்று. நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். "மூடிகினு இரு. கிண்ணம் நல்லா வந்துச்சி இல்ல?" என்றாய். நல்லா வந்தது என்றேன். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது அந்த நேரத்தில். ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்தேன்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உன் தலைமாட்டில் விளக்குக்குப் பக்கத்தில் யாரோ, ஞாயிற்றுக்கிழமை வனிதா எடுத்துவந்த அதே கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். உன் வீட்டில் நிறையக் கிண்ணங்கள் இருந்தன. கோடு விழுந்ததில் ஒன்று சோப்புத்தூள் வைக்கிற கிண்ணமாகக் குழாயடியில் கிடந்தது. வைத்தவர்கள் இருப்பதில் அழகானதாகப் பார்த்து எடுத்து வைத்தார்கள். உன் நாத்தனார் வனிதாவைக் கட்டிக்கொண்டு, "அயுவாதடி, உங்கம்மா மூச்சு இதுக்குள்ள கீது," என்றாள். பதினெட்டு வயதுப் பெண் அந்தக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அது என் மூச்சு என்று அந்த வீட்டில், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அன்று சொல்லாதது நியாயம். மறுநாள் சொல்லியிருக்கலாம், மறு மாதம் சொல்லியிருக்கலாம். மூன்று வருஷம் அவள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். 'எங்க' என்று எழுதினேன். அதற்குமேல் கை போகவில்லை.

"வனிதா, இது உங்க அம்மா ஊதினது இல்ல. நான் ஊதினது," என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அப்போ அம்மா?"

"மருந்து அடிச்சா. கடைசி ரெண்டு வருஷம் அவளால ஊத முடியல."

"அந்தப் பொகையில நின்னாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் கிண்ணத்தின் விளிம்பை விரலால் தொட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஷெட்ல ஒரு ஃபேன் இருந்துச்சே பெரிம்மா. சின்னப் புள்ளையில நான் கிட்ட போனா, கைய உட்டுடாதன்னு அம்மா கத்துவாங்க."

"இருந்தது."

"போடலையா?"

"போட்டா கோடு விழும். என் கிண்ணத்துல கோடு விழுதுன்னு நான்தான் கத்தினேன். அவ நிறுத்திட்டா."

நீயும் ஆசைப்பட்டாய் என்று சொல்ல வாய்வரை வந்தது. உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்வது உன் பின்னால் ஒளிந்துகொள்வது. சொல்லவில்லை. நான் காப்பி போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். துண்டை எடுத்துக் கிண்ணத்தைச் சுற்றினாள். வரும்போது மார்போடு அணைத்துக் கொண்டுவந்ததை, போகும்போது ஒயர் கூடைக்குள் வைத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டாள். எடுத்துக்கொண்டு போகிறாளே, அதுவே பெரிது என்று நான் நினைத்தேன்.

கேட் வரைக்கும் போனவள் அங்கேயே நின்றாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கொக்கியைப் பிடித்தபடி சொன்னாள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். மண்டபம் மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாது. மெதுவா ஏறி வாங்க."

கடைசி இரண்டு வருஷம் உன்னிடம் சொல்லிச் சொல்லி அவள் நாக்கில் ஊறிப்போன வார்த்தை அது. யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்லியிருக்கமாட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ போன மறு மாதம் நான் பயந்துபோய் எக்ஸ்ரே எடுத்தேன். எட்டு வருஷம் மருந்து அடித்தவள் நான், நீ அடித்தது இரண்டே வருஷம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. பயம் தெளிந்த அழுகை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை போகிறேன். அவள் பேசினாலும் பேசாவிட்டாலும் போகிறேன். மூன்று மாடியையும் நான் எங்கேயும் நிற்காமல் ஏறிவிடுவேன்.